செஞ்சிக்குப் போன நாற்பத்தொரு பல்

மலேசியாவின் ஈப்போவில் எங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள சாப்பாட்டுக் கடையில் சமைப்பவர் குப்புசாமி. செஞ்சிக்காரர். சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். இட்லித் தட்டை வைத்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என் தங்கச்சிக்கு ஒரு சின்னப் பார்சல்ண்ணா. செஞ்சில குடுத்துட்டா போதும்."

தைலம், பிஸ்கட் டின், ஒரு சேலை என்று நினைத்துத் தலையாட்டினேன். மறுநாள் அவர் இரண்டு கைகளாலும் தூக்கி வந்தது இரும்பு. சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு பல் சக்கரம், அதோடு சேரும் முள்ளங்கி போன்ற இன்னொரு பல் துண்டு. இரண்டையும் சேர்த்துக் கிரவுன் பினியன் என்கிறார்கள். பிக்கப் வண்டியின் பின் அச்சு நடுவில் பானை மாதிரிப் புடைத்திருக்குமே, அதற்குள் உட்கார்ந்து எஞ்சினின் சுழற்சியைச் சக்கரங்களுக்குத் திருப்பி விடுவது இதுதான்.

ஜப்பானில் பாதியாக அறுத்துக் கப்பலில் அனுப்பும் பழைய வண்டிகளை மலை மாதிரி அடுக்கி வைத்திருக்கும் கடைகள் எங்கள் ஊரில் உண்டு. அப்படி ஒரு கடையில் தேடி எடுத்தது. கடைக்காரச் சீனர் மலாயில் சொன்னது இது: "பல்லை எண்ணிக்கொள். கடையை விட்டு வெளியே போனால் அது உன் பல்." குப்புசாமி எண்ணினார். பார்சல் கைக்கு வந்ததும் நானும் எண்ணினேன். பெரிய சக்கரத்தில் நாற்பத்தொன்று, சின்னதில் பத்து. செஞ்சியிலிருந்து வந்த வாட்ஸப் செய்தியிலும் அதேதான் இருந்தது.

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். "இது என்ன சார்?" சொன்னேன். "உங்க வண்டிக்கா?" இல்லை, பக்கத்துக் கடைச் சமையல்காரரின் தங்கையின் வண்டிக்கு என்றேன். நம்பவில்லை. மேலதிகாரியைக் கூப்பிட்டார். வந்தவர் சக்கரத்தைத் தூக்கிப் பார்த்து, விரலால் ஒரு பல்லைத் தடவி, "என் மச்சான் இதுக்குத்தான் ஆறு மாசமா அலையறான். அங்க எந்தக் கடை?" என்று கேட்டார். கடைப் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

கல்யாணம் முடிந்த மறுநாள், இரும்பை ஒரு பைக்கு மாற்றிக்கொண்டு செஞ்சி பஸ். நடத்துனர் என் பையை உருட்டப் பார்த்தார், அது உருளவில்லை. ஓட்டுநருக்குப் பக்கத்தில் எஞ்சின் மூடி ஓரமாக வைக்கச் சொன்னார். ஒவ்வொரு பிரேக்குக்கும் பை முன்னே நழுவி ஓட்டுநரின் செருப்பைத் தொட்டது. நான்காவது முறை அவர் திரும்பாமலே சொன்னார்: "சார், உங்க ஆள வந்து புடிங்க. என் காலுல வுழுந்து வுழுந்து கும்புடறாரு."

எங்கள் ஈப்போவைச் சுற்றியும் மலைகள்தான். ஆனால் அவை சுண்ணாம்புக் குன்றுகள், தலை முதல் அடி வரை பச்சை போர்த்தியவை. செஞ்சி மலைகள் வேறு வகை. யாரோ லாரி லாரியாகப் பாறைகளைக் கொட்டிவிட்டு, பிறகு வந்து அடுக்கிக்கொள்ளலாம் என்று போய்விட்டது போல இருக்கின்றன. மேலே கோட்டைச் சுவர். விடுதிக்காரர், டீக்கடைக்காரர், மருந்துக்கடைக்காரர் எல்லோரும் முதல் கேள்வியாக "கோட்டை பாத்தாச்சா சார்?" என்றார்கள். நான் கடைசி வரை ஏறவில்லை. விடுதி சன்னலிலிருந்து பார்த்ததோடு சரி. கோட்டையிலிருந்து இறங்கி வந்த ஒரு குரங்கு அதே சன்னல் வழியாக என்னைப் பார்த்து, சோப்பை எடுத்துக்கொண்டு போயிற்று.

பட்டறை திருவண்ணாமலை சாலையில், ஒரு புளியமரத்தடியில். மேஸ்திரி பெயர் ஏழுமலை. ஐம்பது வயது, சாயம் அடித்த மீசை, சட்டைப் பையில் இரண்டு போன். ஜீப், பிக்கப் என்று முன் சக்கரமும் இழுக்கும் வண்டி எதுவானாலும் திண்டிவனத்திலிருந்துகூட என்னிடம்தான் வருவார்கள் என்று, நான் பையைக் கீழே வைப்பதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

பின் அச்சில் பல் உடைந்த வண்டி கட்டைகளின் மேல் நின்றது. ஏதோ அணை வேலைக்காக எப்போதோ இறக்குமதியாகி, ஏலத்தில் போய், பல கை மாறி வந்த ஜப்பான் பிக்கப். கதவு ஒரு நிறம், பானெட் ஒரு நிறம். பின்னால் சரக்கு வைக்கும் இடத்தில் இரும்புக் கோபுரம் ஒன்றும், கம்பி வடம் சுற்றிய உருளையும் பொருத்தியிருந்தார்கள். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டாரை மேலே தூக்கவும் இறக்கவும் அந்தக் கோபுரம்.

ஸ்கூட்டரில் வந்து இறங்கிய ஜெயந்தி, குப்புசாமியின் தங்கை, வண்டியின் சொந்தக்காரி. நாற்பது வயதிருக்கும். சுடிதார் மேல் ஆண்கள் சட்டை. "வாங்கண்ணா, சாப்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் பையைத் திறந்து சக்கரத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பேரப்பிள்ளையைக் கூட அப்படி வாங்கிக்கொள்வார்களா, தெரியாது.

அவசரம் என்ன என்று அவளே சொன்னாள். வல்லம் பக்கத்தில் கோவிந்தன் என்பவருக்கு மல்லாட்டைக் கொல்லை. நிலக்கடலையை இங்கே மல்லாட்டை என்கிறார்கள், மேட்டு நிலத்தைக் கொல்லை. காய் பிடிக்கும் நேரத்தில் அவருடைய போர் மோட்டார் எரிந்துவிட்டது. தண்ணீர் இல்லாமல் செடி தொங்குகிறது. மோட்டாரைத் தூக்க வண்டி போக வேண்டும். ஆனால் கொல்லைக்கு ஒரே வழி, அஞ்சலை என்பவரின் நெல் வயல். அங்கே சேடை ஓட்டி, அதாவது சேறாக உழுது, தண்ணீர் கட்டியாயிற்று. வெள்ளிக்கிழமை காலை நடவு.

"நட்டுட்டா அறுப்பு வரைக்கும் உள்ள வண்டி போவ முடியாதுண்ணா. அந்தச் சேத்துல முன்சக்கரம் இழுக்காத வண்டி எதுவும் போவாது. வேற வண்டி கூப்புடவான்னு கோவிந்தன் மாமா கேட்டாரு. நான் வரேன், யாரையும் கூப்புடாதன்னு சொல்லிட்டேன்."

ஆட்களை வைத்துத் தூக்க முடியாதா என்று கேட்டேன்.

"இரும்பு பைப்பு, ஆழமும் ஜாஸ்தி. பாதில கை வழுக்கினா மோட்டாரு அடில போயி குந்திக்கும். போரும் போச்சு."

அன்று செவ்வாய்.

புதன்கிழமை ஏழுமலை தனியாளாகச் சக்கரத்தைப் பொருத்தினார். வாய் மட்டும் ஓயவில்லை. இது சரியான உருப்படிதான் என்று எப்படிக் கண்டுபிடித்தார் என்பதை எனக்கு விளக்கினார். பழைய சக்கரத்தில் பொறித்திருந்த எண் தேய்ந்து போயிருந்தது. அதனால் பல் முகத்தில் கிரீஸ் தடவி, தினசரித்தாளின் மேல் குப்புற அழுத்தி அச்சு எடுத்தார். தாளில் பற்கள் கறுப்புக் கோடுகளாக விழும். ஒவ்வொன்றின் மேலும் பேனாவால் புள்ளி வைத்து எண்ணினால் தப்பே வராது. அச்சுத் தாள் தகரச் சுவரில் இன்னமும் ஒட்டியிருந்தது. விளையாட்டுப் பக்கம். ஒரு பந்துவீச்சாளரின் முகத்தைச் சுற்றிப் பற்கள் ஒளிவட்டம் மாதிரி நின்றன. ஓரிடத்தில் மட்டும் ஒளிவட்டத்தில் ஓட்டை.

"அங்கதான் சார் ஒடைஞ்சது. மூணு பல்லு."

மதியம் ஜெயந்தி அழைத்துப் போன உணவகத்தில் குஸ்கா. இறைச்சி இல்லாத பிரியாணிச் சோற்றுக்கு அப்படி ஒரு பெயர். மலேசியாவில் இறைச்சி இல்லையென்றால் கடைக்காரர் மன்னிப்புக் கேட்பார். இங்கே அதைத் தனியாக ஒரு பண்டமாக்கி, கத்தரிக்காய்த் தொக்கோடு பரிமாறி, மறுசோறும் கேட்க வைத்துவிடுகிறார்கள். பக்கத்து மேசையில் ஒருவர் போனில் கத்திக்கொண்டிருந்தார்: "நைனா, கரண்ட் வந்துச்சா? வந்தா ஒடனே போடு. நான் சொல்ற வரைக்கும் இருக்காத. அது போயிடும்."

மாலையில் வண்டி தரையில் இறங்கியது. ஏழுமலை கற்பூரம் ஏற்ற, நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைக்கப்பட்டது. ஜெயந்தி பழங்களை எடுத்துத் திட்டின் மேல் வைத்தாள்.

"மொதல்ல சுத்திப் பாக்கலாம் மேஸ்திரி."

"இன்னாத்த சுத்திப் பாக்கறது? அது என் கை பட்ட வண்டி."

"நடு சேத்துல நிக்கப் போறது நீயில்ல. நானு."

அவள் பார்க்கச் சொன்ன விதம் எளிமையானது. இடது பக்கச் சக்கரங்கள் இரண்டையும் மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். வலது பக்கம் தரையில் கல் கொடுத்து நின்றது. முன் சக்கர இழுவையைச் சேர்த்து, கியரை எதிலும் இல்லாமல் விட்டுப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றினால் முன் சக்கரமும் கூடவே சுற்ற வேண்டும். இரண்டிலும் ஜெயந்தி சாக்பீஸால் உச்சியில் ஒரு கோடு போட்டாள். ஏழுமலை பின் சக்கரத்தைச் சுற்றினார். ஒரு சுற்றில் ஒன்றும் தெரியவில்லை. மூன்று, நான்கு ஆகும்போது முன் கோடு கொஞ்சம் சோம்பியது. பத்தாவது சுற்றில் பின் கோடு உச்சியில் நின்றபோது முன் கோடு ஏறக்குறைய தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஏழுமலை குனிந்து முன் டயரை விரலால் அமுக்கிப் பார்த்தார். 

"டயர்ல காத்து கம்மி."

"தூக்கி வெச்ச டயருக்கு காத்து இருந்தா இன்னா, இல்லன்னா இன்னா?"

"அப்ப மலேசியாக்காரன் ஏமாத்திட்டான்."

அது என் ஊர் மானம். எண்ணித்தான் வாங்கினோம், நாற்பத்தொன்று, நீங்கள் கேட்டது அதுதான் என்றேன். ஜெயந்தி இருவரையும் விட்டுவிட்டு, வண்டி அடியில் கிடந்த பழைய எண்ணெய்த் தட்டைக் காலால் இழுத்தாள். கூழ் மாதிரிக் கறுத்த எண்ணெய். ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கயிற்றில் கட்டி உள்ளே துழாவினாள். முதல் முறை ஒரு நட்டு. அடுத்த முறை மூன்று இரும்புத் துணுக்குகள். மேலும் துழாவ, இன்னும் இரண்டு.

உடைந்த பற்கள். மண்ணெண்ணெயில் கழுவி, பழைய சக்கரத்தின் காயத்தில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். ஐந்தும் அடிவேரோடு பொருந்தின. மூன்று என்று ஏழுமலை விரலால் அளந்த இடத்தில் ஐந்து பல். ஆக, பழைய சக்கரத்துக்கு நாற்பத்துமூன்று. முன் அச்சில் இருப்பதும் அதன் ஜோடியான நாற்பத்துமூன்று. நான் கடல் கடந்து தூக்கி வந்தது அச்சுப் பானைக்குள் அழகாகப் பொருந்தியது. முன்னால் இருப்பவனோடுதான் நடை ஒத்துப்போகவில்லை.

"நான் அச்சு எடுக்கும்போதே டவுட்டுன்னு சொன்னேனே," என்றார் ஏழுமலை.

"எப்ப சொன்ன?"

"மனசுல."

ஜெயந்தி சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். வெளியே டீ வாங்கி வந்து குடிக்கும் வரை அவள் அந்த இரண்டு சாக்பீஸ் கோடுகளையே பார்த்திருந்தாள். குப்புசாமிக்குப் போன் போட்டோம். நாற்பத்துமூன்று பல் தேடி அனுப்பப் பல வாரங்கள் ஆகும் என்றார். பின்னணியில் பரோட்டா கொத்தும் சத்தம்.

சிக்கல் இதுதான். தார்ச்சாலையில் முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுற்றினால், இரண்டையும் இணைக்கும் நடுப்பெட்டி முறுக்கிக்கொண்டு உடையும். உடைந்தால் வண்டி எந்தச் சக்கரத்தாலும் நகராது.

"சேத்துல?" என்று ஜெயந்தி கேட்டாள்.

"சேத்துல வழுக்கும்," என்றார் ஏழுமலை. "வழுக்கினா முறுக்கு வுட்டுடும். ஆனா ரிஸ்க்கு. நான் பொறுப்பு இல்ல."

"நீ எப்பதான் பொறுப்பா இருந்த? தார்ல பின் சக்கரத்துல மட்டும் போறேன். சேத்துல எறங்குன பெறகு முன் சக்கரத்தச் சேக்கறேன். ஏறதுக்கு முன்னாடி பிரிச்சிடறேன். அவ்ளோதான?"

கோவிந்தனுக்குப் போன் செய்தாள். "மாமா, நாளைக்கு வரேன்." மறுமுனையில் என்ன கேட்டார் என்று தெரியாது. "வரேன்னா வரேன்," என்று வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலை வல்லத்துக்கு நானும் தொற்றிக்கொண்டேன். முன் இருக்கையில் ஸ்பிரிங் ஒன்று தன் இருப்பை ஒவ்வொரு பள்ளத்திலும் நினைவூட்டியது. ஜெயந்தியின் இரண்டு ஆட்கள் பின்னால் கோபுரத்தைப் பிடித்து நின்றார்கள். பொறுப்பில்லாத ஏழுமலை பைக்கில் பின்தொடர்ந்தார்.

அஞ்சலையின் வயல் கண்ணாடி மாதிரித் தண்ணீர் நின்று வானத்தைக் காட்டியது. வரப்போரம் நாற்றுக் கட்டுகள் அடுக்கியிருந்தன. அஞ்சலை இடுப்பில் சேலையைச் செருகி நடுவில் நின்றார், வண்டியை மறிப்பவர் போல.

"ஒரே தடத்துல போ, அதே தடத்துல வா. கண்ட எடத்துல பொரட்டின, அப்புறம் உங்க அண்ணன மலேசியாலருந்து வந்து சமம் பண்ணச் சொல்லு."

"அவன் வந்தா ஒனக்குப் பரோட்டா போட்டுட்டுப் போயிடுவான்க்கா."

சாலை ஓரத்துச் சரிவில் இறங்கி, நான்கு சக்கரமும் சேற்றுக்குள் போனதும் வண்டி நின்றது. முன் சக்கரங்களின் நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு வட்டத் திருகு இருக்கிறது. ஒரு பக்கம் திருப்பினால் சக்கரம் எஞ்சினோடு சேரும். மறுபக்கம் திருப்பினால் சும்மா உருளும். அந்த வேலை எனக்கு. திருமணத்துக்கென்று வாங்கிய காலணியோடு இறங்கினேன். வலது கால் முழங்கால் வரை போனது. வெளியே எடுத்தபோது கால் மட்டும் வந்தது. வயலைத் துழாவிக் காலணியை எடுத்துக் கொடுத்தவர் அஞ்சலை. "இத்தப் போட்டுக்கினா சேத்துல எறங்குவாங்க?" என்று என்னைக் கேட்காமல் வானத்தைக் கேட்டார்.

திருகுகளைத் திருப்பினேன். வண்டி உறுமி, வழுக்கி, பக்கவாட்டில் நெளிந்து, எருமை மாதிரி நிதானமாகக் கடந்தது. ஏழுமலை வரப்பில் ஓடிக்கொண்டே, "ஸ்டேரிங்க ஒடிக்காத! ஒடிக்காத!" என்று கத்தினார். அவள் ஒடிக்கவில்லை.

கோவிந்தன் அறுபது வயதுக்காரர். பேசவே இல்லை. மல்லாட்டைச் செடிகளின் இலைகள் மதிய வெயிலுக்கு முன்பே மடிந்து கிடந்தன. அவர் ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டினார். வேரில் காய்கள் இருந்தன. அழுத்தினால் உள்ளே பால் மாதிரி ஒரு பருப்பு. "ஒரு வாரம் போனா பருப்பில்லாத சப்பட்டைதான்," என்றாள் ஜெயந்தி.

பிறகு மணிக்கணக்கில் வேலை. குழாய் ஒன்று மேலே வரும், கிணற்றின் வாயில் இரும்புப் பிடி போட்டு நிறுத்துவார்கள், ஒன்றைக் கழற்றி அடுக்குவார்கள், வடம் மறுபடி இறங்கும். ஜெயந்தி கையை உயர்த்தினால் மேலே, மூடினால் நிறுத்து. கத்தல் இல்லை. எரிந்த மோட்டார் வெளியே வந்தபோது கருகிய நாற்றம் வந்தது. கோவிந்தன் வைத்திருந்த வேறு மோட்டாரைக் கட்டி, அதே குழாய்களை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். நடுவில் கோவிந்தன் வீட்டிலிருந்து கேழ்வரகுக் கூழும் சுண்ட வைத்த கருவாட்டுக் குழம்பும் வந்தன. என் ஊரில் கூழைக் கோவிலில் மட்டும் பார்த்திருக்கிறேன். பாத்திரத்தைக் காலி செய்தேன்.

எல்லாம் முடிந்தும் மின்சாரம் இல்லை. மோட்டாருக்கான மூன்று முனைக் கரண்ட் முறைவைத்துத்தான் வரும். எல்லோரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, மோட்டார் போடும் பெட்டியிலிருந்த சிறு விளக்கையே பார்த்தோம். வெயில் சாயும்போது அது எரிந்தது. கோவிந்தன் பொத்தானை அமுக்கினார். குழாய் இருமியது, காற்றைத் துப்பியது, சேறாக வந்தது, செம்மண் நிறமானது, பிறகு தெளிந்தது. அவர் ஒரு கை ஏந்திக் குடித்தார். "ம்," என்றார். அன்று அவர் பேசியது அவ்வளவுதான். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடை திறக்கப் போனார்.

திரும்பும் வழியில் அதே தடம். சாலைச் சரிவுக்குச் சற்று முன், சேறு முடியும் இடத்தில் ஜெயந்தி நிறுத்தினாள். "அண்ணா, பிரிச்சிடு." வெறுங்காலோடு இறங்கினேன். வலது திருகு திரும்பியது. இடது அசையவில்லை. இரண்டு கையால் முயன்றேன். ஏழுமலை வந்து ஒரு கையால் முயன்று, பிறகு இரண்டு கையால் முயன்று, பைக்கிலிருந்து சுத்தியலை எடுத்து வந்தார்.

"ஒரே ஒரு தட்டு."

"தட்டுன, கைய ஒடிப்பேன்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "முறுக்கிக்கினு நிக்குது, அதான் வரல. ரெண்டு பேரும் நவுருங்க."

அவள் ரிவர்ஸ் போட்டாள். வண்டி ஒரு முழம் பின்னால், மறுபடி வயலுக்குள் போனது.

"ஏ பாப்பா! எங்க திரும்ப வர?" அஞ்சலை மண்வெட்டியோடு ஓடி வந்தார்.

"இப்ப திருப்புண்ணா."

இரண்டு விரல் போதுமாக இருந்தது. 'டக்' என்று ஒரு சத்தம். வண்டி சரிவில் ஏறியது, முன் சக்கரம் தாரைத் தொட்டது, பின் சக்கரமும் ஏறியது. ஏழுமலை கூடவே நடந்து, குனிந்து, வண்டியின் வயிற்றுக்குக் காது கொடுத்தார். முறுக்கும் சத்தம் இல்லை, நொறுங்கும் சத்தம் இல்லை. நிமிர்ந்து மீசையைத் தடவிக்கொண்டார்.

"அறுப்பு வரைக்கும் இந்தப் பக்கம் வர மாட்டேன்க்கா," என்று ஜெயந்தி சன்னலில் தலை நீட்டினாள்.

"வந்து பாரு, நாத்துக் கட்டாலயே அடிக்கறேன்."

அஞ்சலை எங்களைப் பார்க்கவில்லை. வயலில் இறங்கி, மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து, இரண்டு பக்கச் சேற்றையும் டயர் தடத்துக்குள் இழுத்துவிட்டுக்கொண்டே போனார். அவர் போகப் போகத் தடத்தின் மேல் தண்ணீர் மூடியது.

அப்பால் கோவிந்தன் இரண்டாவது பாத்திக்கு மடை மாற்றிக்கொண்டிருந்தார்.